மிளகுக்குச் சொல்லிக்கொடுத்தவை

நாய்க்குட்டிக்கு ‘உட்கார்’ சொல்லிக்கொடுக்க நான்கு நாள் போதும், மேடம். வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவு கிள்ளி அதன் மூக்குக்கு மேலே பிடிக்க வேண்டும். தலை நிமிர்ந்தால் பின்பக்கம் தானாகத் தரையில் படும். பட்ட அந்த நொடியே ‘சரி’ என்று சொல்லிக் கறியைக் கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. அடிக்கவே கூடாது. மிளகை நான் ஒரு நாளும் அடித்ததில்லை.

பாராட்டுவதற்கு எல்லோரும் ‘நல்ல பிள்ளை’ என்பார்கள். நான் அதைச் சொல்வதில்லை. அது அத்தானுடைய சொல்.

நேற்று நீங்கள் போலீஸ் வாக்குமூலத்தை என்முன் வைத்து, “நாய்க்குட்டி விளையாட்டுக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கு. அதுக்கு நீ என்னம்மா பண்ணுவ? கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ” என்றீர்கள். கனிவாகத்தான் சொன்னீர்கள். என்னால்தான் கையெழுத்துப் போட முடியவில்லை. மிளகு விளையாடவில்லை. சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் செய்தது. அதன்மேல் தப்பு என்று எழுதுவது நியாயமில்லை.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. விலங்கியல் படித்தேன். நேர்முகத் தேர்வில் பெயரைக் கேட்டாலே எழுந்து வந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே எனக்கும் சேர்த்து அக்காதான் பேசுவாள். அத்தானைக் கல்யாணம் செய்த பிறகு அவளும் குறைத்துக்கொண்டாள். அவளுடைய போன் பகலெல்லாம் அத்தானின் பீரோவில் பூட்டியிருக்கும். சாயங்காலம் அவர் வந்ததும், “இன்னிக்கு நல்ல பிள்ளையா இருந்தியா?” என்று கேட்பார். இருந்திருந்தால் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் என்னை அழைப்பாள். “இன்னிக்கு பாஸ் ஆயிட்டேன்டி” என்று சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் அவளுக்கு மூன்று நாளாக வயிற்றுவலி. மூன்றாம் நாளும் அத்தான் கதவை வெளியே பூட்டிக்கொண்டு கார் ஷோரூமுக்கு வேலைக்குப் போனார். குடல்வால் வெடித்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“வலி வலின்னுதான் சொன்னா. போனைக் கையில குடுத்தா உடனே அம்மா வீட்டுக்குப் போட்டு ஊரைக் கூட்டுவா. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கன்னு சொல்லிட்டுப் போனேன். நடிக்கிறான்னு நெனச்சேன்.”

எல்லோரும் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அக்கா பீரோவின் கைப்பிடியைப் பிடித்தபடி இறந்திருந்தாள். அவள் மகள் பாப்பா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்கு வந்தேன். அவள் அம்மாவைத் தேடி அழக்கூடாது என்று அத்தான் ஒரு குட்டியை வாங்கி வந்தார். கறுப்பாக, சின்னதாக இருந்தது. மிளகு என்று பெயர் வைத்தது பாப்பாதான். உட்கார், படு, இரு, எடு எல்லாவற்றையும் மிளகு சீக்கிரம் கற்றுக்கொண்டது.

அத்தானுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரை ஒரு துணிப்பையில் போட்டு ஹாலில் குட்டை மேசைமேல் வைத்திருப்பார். “எனக்கு மூச்சு வாங்கினா இது எடுத்துட்டு வருமா? பழக்கிக் காட்டு பார்ப்போம். உன் டிகிரிக்கு இப்பவாவது ஒரு வேலை கிடைக்கட்டும்” என்றார்.

பழக்கினேன். பையைக் கவ்வுவது தனியாக, தூக்கி வருவது தனியாக, கையில் வைப்பது தனியாக. பிறகு மூன்றையும் கோத்தேன். அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால் மிளகு எங்கிருந்தாலும் ஓடிப்போய்ப் பையைக் கவ்வி அவர் கையில் வைக்கும். விருந்தாளிகள் வந்தால் தன் நாற்காலியில் உட்கார்ந்து பொய்யாக இழுத்துக் காட்டுவார். எதிர்வீட்டு ஆன்ட்டி, “என் வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துத் தந்ததில்லை. இது மருந்தே எடுத்துத் தருதே!” என்றார். அத்தான் மிளகுக்கு ஒரு பிஸ்கட் போட்டு, “நல்ல பிள்ளை” என்பார்.

அந்தச் சொல்லை அந்த நாற்காலியிலிருந்து எத்தனை தடவைதான் கேட்பது?

கையில் வைக்கும் அந்தக் கடைசிக் கண்ணியை மட்டும் மாற்றினால் போதும் என்று எனக்குத் தெரியும். அவருடைய இழுப்பைப் போனில் பதிவு செய்தேன். அவர் வேலைக்குப் போனதும் போனை அவர் நாற்காலியில் ஓடவிட்டு, நான் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொள்வேன். பையை நாற்காலிக்குக் கொண்டுபோனால் ஒன்றும் கிடையாது. என்னிடம் கொண்டுவந்தால் கோழி. அவர் கொடுப்பது வெறும் பிஸ்கட். ஒரு வாரத்தில் மிளகுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பாப்பாவும் கூடவே இருப்பாள். “சித்தி, எனக்கும் சொல்லு” என்று மிளகின் பக்கத்தில் வந்து நிற்பாள். ‘உட்கார்’ என்றால் இருவரும் உட்காருவார்கள். மிளகு வாயைத் திறக்கும். அவள் கையை நீட்டுவாள். அவளுக்குப் பிஸ்கட். விளையாட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் பீரோவைத் திறந்து அக்காவின் துணிகளை வெளியே அள்ளிப் போட்டார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். தூசி கிளம்பியது. நான் எதையும் கிளப்பவில்லை. இருமல் வந்து, பிறகு இழுப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

மிளகு பையைக் கவ்வியது. அவருடைய விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் நடந்து என்னிடம் வந்தது. ‘சரி’ என்றேன். கோழி கொடுத்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஏய்… குடு…” என்றார்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கங்க அத்தான்” என்றேன். நான் அவரிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு இன்ஹேலர் காரில் இருந்தது. மூன்று மாடி இறங்க வேண்டும். வாசல்வரைகூட அவரால் போக முடியவில்லை. நாற்காலியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

மிளகை ஸ்டேஷனில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். யாரும் அதைத் திட்ட வேண்டாம். அதற்கு வாசல் பக்கம் படுக்கத்தான் பிடிக்கும்.

அக்காவை ஒருவர் பழக்கி வைத்திருந்தார். பாப்பாவை யாரும் அப்படிப் பழக்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் செய்தேன். இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பாப்பாவிடம் எது கேட்டாலும் தரையில் உட்கார்ந்து கையை நீட்டுகிறாள் என்றீர்கள். அது பயத்தினால் இருக்கும் என்று உங்களிடம் சொல்லிவைத்தேன். அந்த நேரத்தில் அவள் உள்ளே தூங்கினாள் என்றும் சொன்னேன்.

அவள் தூங்கவில்லை, மேடம். என் மடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு “அப்பா” என்று ஓடினாள். நாற்காலிக்கு இரண்டடி இருந்தது. ‘உட்கார்’ என்றேன். உட்கார்ந்தாள். எழுந்துபோய் அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன். கோழி தீர்ந்துவிட்டிருந்தது. டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, ‘நல்ல பிள்ளை’ என்றேன்.