நான் ஏறாத முதல் ஓட்டம்

எனக்கு டீ குடிப்பதற்கு முன்னால் கை கழுவியாக வேண்டும். காலையில் கேட்டதும் சோப்பு கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. இன்ஸ்பெக்டர் சார், நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் பஞ்சநாதன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கார் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கிரீஸில் புரளும் தொழில்தான். ஆனாலும் என் பட்டறைத் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம்.

அந்தச் சிவப்பு வண்டி ராமலிங்கம் ஐயாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அதில் ஏறுவார். போன வருஷம் அவர் இறந்ததும், வண்டி மருமகன் விமல்ராஜ் கைக்குப் போனது.

எட்டு மாதம் கழித்து விமல்ராஜ் அதைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

“மேஸ்திரி, பிக்கப்பே இல்ல. மாமா இருந்தப்போ பறந்துச்சில்ல, அந்த மாதிரி ஆக்கிக் குடு.”

கதவைத் திறந்தேன். சீட்டுக்கு அடியில் பாதி தின்ற வறுத்த மீன் பொட்டலம், அதில் புழு நெளிந்தது. கதவு இடுக்கெல்லாம் பான்பராக் எச்சில். எஞ்சின் ஆயில் தார் மாதிரி இறங்கியது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வாரம் வேறு வண்டியைத் தொடவில்லை. வால்வுகளில் அப்பியிருந்த கரியைச் சுரண்டி எடுத்தேன். இன்ஜெக்டர்களைக் கழுவினேன். பிளக், டைமிங் பெல்ட் எல்லாம் புதிது. முன் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய்கள் இரண்டும் ரப்பர் வெடிப்பு விட்டுக் கிடந்தன, அவற்றையும் மாற்றினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் மாற்றினேன். ஸ்டியரிங்குக்குப் புதுத் தோல் உறையை என் கையாலேயே தைத்தேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் விமல்ராஜ் பார்க்க வந்தான். ஏறி உட்கார்ந்தான். வண்டிச் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்தான். சாவி முனையில் வந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை ஸ்டியரிங் உறையில் தேய்த்தான். அதே சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தான்.

“சூப்பர் மேஸ்திரி. நாளைக்கு வெள்ளிக்கிழமை, பூஜை போட்டு எடுத்துக்கறேன்” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அருவருப்புதான் வந்தது. அவன் போன பிறகு அந்த உறையை ஏழு முறை துடைத்தேன். வண்டியைத் துடைத்துப் பயனில்லை, துடைக்க வேண்டியது வேறு என்று அப்போது புரிந்தது.

புதுக் குழாய்களைக் கழற்றினேன். வெடிப்பு விட்ட பழைய குழாய்களைத் திரும்ப மாட்டினேன். அரை மணி நேர வேலை. மெதுவாகப் போனால் தாங்கும், வேகத்தில் ஓங்கி மிதித்தால் தாங்காது. புதியவற்றைத் துடைத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். நேற்று நீங்கள் எடுத்தது அவற்றைத்தான்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டிக்குக் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும், முதல் ஓட்டத்துக்கு நானும் பக்கத்து சீட்டில் ஏறுவேன். வீராம்பட்டினம் அம்மன் கோயில் வரை போய் வருவோம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஏறாத முதல் வண்டி இதுதான். உங்களுக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான் என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை ஹேமலதாவும் வந்திருந்தாள். ஐயாவின் ஒரே பெண், விமல்ராஜின் மனைவி. மாலையை அவளே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பழம் நசுங்கியது, பிரேக் அழகாகப் பிடித்தது.

“ஏறுங்க மாமா” என்றாள்.

இடுப்பு வலி என்றேன்.

“அப்ப நான் ஏறிக்கறேன். அப்பா போனப்புறம் இதுல உக்காரவே இல்ல மாமா.”

விமல்ராஜ் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தான். “கோயிலுக்கு அப்பறம் போவலாம். மொதல்ல பிள்ளைச்சாவடி வரைக்கும் ஒரு அழுத்து அழுத்திப் பாக்கறேன்.”

மீனுக்கு ஐஸ் ஏற்றிவந்த லாரி சாலையில் குறுக்கே திரும்பியதும், அவன் பிரேக்கை ஓங்கி மிதித்ததும், மற்றதும் உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணை ஏன் இறக்கவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நேரம் இருந்தது, மறுக்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு அவள் நிதானமாகத்தான் ஏறினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருந்தால் எஞ்சினை அணைத்திருப்பார்கள். ஐயா காலத்துச் சத்தம் அது, ஒரு பிசிறு இல்லை. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அவள் செருப்பு பட்டறை வாசலிலேயே கிடந்தது. துடைத்து ஓரமாக வைத்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் சேர்த்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால், அவள் ஏறியதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த வண்டியின் கடைசி ஓட்டத்தில் ஒருவராவது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.