ஞானப்பூ கிண்டின மருந்து

கேக்கா? அந்த மூலையில வையுங்க. வேண்டாம்னு சொல்லல. கிறிஸ்துமஸ் அன்னைக்கு வெறுங்கையோட வரக்கூடாதுன்னு டவுன்ல இருந்து ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. ஆனா பிள்ளை பெத்த வீட்டுக்கு எவனாவது கேக்கைக் கொண்டுட்டுப் போவானா? சிரிக்காதீங்க. நான் இந்தச் சட்டியைத் தேச்சு முடிக்கதுக்குள்ள சொல்லிருதேன், கேளுங்க.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்ன, இந்தக் கூம்பன்விளைக்கு ரோடே வராத காலம். கோயிலுக்கு அப்ப ஓலைக்கூரை. அந்தக் கோயிலுக்கு ஒரு மூப்பர் இருந்தாராம். பேரு மாசிலாமணி. பேரைப் பாருங்க, மாசே இல்லாத மணி! கோயில் சாவி அவரு இடுப்புல. யாரு எங்க உக்காரணும், யாரு எவ்வளவு சத்தமாப் பாடணும், எல்லாம் அவரு சொல்றதுதான். ஒரு பொம்பளை கொஞ்சம் சந்தோஷமாப் பாடிட்டாப் போதும், திரும்பி ஒரு மொறை மொறைப்பாராம். ஆண்டவரே இவருகிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்னு நெனப்பு. தூ!

அதே ஊர்ல ஞானப்பூன்னு ஒருத்தி. பனையேறி பொண்டாட்டி. பதநீர் காய்ச்சுற ஓலைக்குடிசை இருக்கே, விடிலி, அதுல, அடுப்புப் பக்கத்துலயே வலி வந்து பிள்ளை பெத்தாளாம். ஆள் கிடையாது, நல்ல துணி கிடையாது, மருந்து குடுக்க ஒரு நாதி கிடையாது. மூணாம் நாளு பிள்ளை போயிட்டு. கோயில் கல்லறைத் தோட்டத்துல ஓரமா ஒரு சின்னக் குழி. பெறகு புருசனும் போயிட்டான். "நானும் ஒரு நாளு எம்பிள்ளை பக்கத்துல படுத்துக்கிடுவேன்"னு சொல்லிக்கிட்டே இருப்பாளாம். அது ஒண்ணுதான் அவளுக்கு ஆசை.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு உபதேசியார் வாசிப்பாராம், மாட்டுக் கொட்டில்ல பாலகன் பிறந்தாருன்னு. எல்லாரும் கேப்பாங்க, பாடுவாங்க, வீட்டுக்குப் போயி கறி திம்பாங்க. ஞானப்பூ மட்டும் அதைக் கேட்டு அழுவாளாம், அழுதுகிட்டே சிரிப்பாளாம். ஒரு வருஷம் அவளுக்குப் பொறுக்கல. பரண்ல வச்சிருந்த கருப்பட்டியை எடுத்தா. சுக்கை இடிச்சா, மிளகை இடிச்சா, திப்பிலியை இடிச்சா. பூண்டை உரிச்சா. நல்லெண்ணெயை விட்டு விட்டுக் கிண்டுனா. எல்லாம் பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற பேறுகால மருந்து. ஒரு சட்டி நெறய! தலையில வச்சுக்கிட்டு நேரா கோயிலுக்கு வந்துட்டா. உபதேசியார் "பாலகன் பிறந்தார்"னு வாசிச்சாரோ இல்லியோ, எந்திரிச்சு ஒரு குலவை போட்டாளாம் பாருங்க! கூரை மேல இருந்த காக்கா எல்லாம் பறந்துட்டாம்.

மூப்பர் குதிச்சுட்டாரு. "ஏட்டி! என்னட்டி சட்டி அது?"

"மருந்துய்யா."

"யாருக்கு?"

"மரியாளுக்கு."

"மரியாளுக்குப் படையலா? கோயிலுக்குள்ளயே விக்கிரக ஆராதனையா?"

"படையல் இல்லய்யா, பச்சை உடம்புக்காரிக்கு மருந்து. வருஷா வருஷம் பிள்ளை பிறந்தாருன்னு வாசிக்கீங்க. பெத்தவ என்ன சாப்பிட்டான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அவளும் என்னைய மாதிரி ஆளில்லாத எடத்துலதான பெத்தா?"

மனுசனாப் பிறந்தவன் இதைக் கேட்டா என்ன செய்வான்? கண்ணைத் தொடச்சிட்டு உக்காருவான். நம்ம மாசே இல்லாத மணி என்ன செஞ்சாரு தெரியுமா? சட்டியைப் பிடுங்கி வாசப்படியில கவுத்திட்டாரு.

"விக்கிரகத்துக்குப் படைச்சேன்னு சபை முன்னால ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளு. இல்லன்னா இன்னையோட சபையை விட்டு வெளிய போ. செத்தா இந்தக் கல்லறையில உனக்கு எடம் கிடையாது."

ஞானப்பூ சட்டியைப் பாத்தாளாம். கல்லறைப் பக்கம் பாத்தாளாம். பிள்ளை அங்கதான கிடக்கு? வேற என்ன செய்வா? "மன்னிச்சு..."ன்னு பாதி வார்த்தை வாயில வந்துட்டாம்.

அப்பதான் பொம்பளைக பக்கம் ஒருத்தி எந்திரிச்சா. யாருன்னு நெனைக்கீங்க? ரூத்தாள். மூப்பரோட பொண்டாட்டியேதான்! ஆறு பெத்தவ. புருசன் முன்னால அவ சத்தத்தை ஊர்ல யாரும் கேட்டதே இல்லையாம். நேரா வாசப்படிக்குப் போனா. குனிஞ்சா. படியில கிடந்த மருந்தை ஒரு விரலால வழிச்சு வாயில வச்சா. கண்ணை மூடிக்கிட்டாளாம்.

"ஏங்க"ன்னாளாம். "இதோட ருசி எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. என் ஆறு பேறுகாலத்துக்கும் எங்க அம்மை இதைக் கிண்டிக் கொண்டாந்து வச்சா. ஆறு சட்டியையும் உறியில இருந்து எறக்கி வழிச்சு நக்குனது யாரு? நீங்கதான? இது விக்கிரகத்துக்குப் படைச்சதுன்னா, அந்த விக்கிரகம் யாருங்க, நீங்களா?"

அவ்வளவுதான். கோயிலே சிரிச்சுதாம். உபதேசியார் வேதப்புஸ்தகத்தை முகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாராம். பொம்பளைக ஒவ்வொருத்தியா எந்திரிச்சு வந்தாங்க. சட்டி அடியில ஒட்டியிருந்ததைச் சுரண்டி உருட்டி, முதல்ல ஞானப்பூ வாயில வச்சாங்களாம். அவளும் பெத்தவதான? அவளுக்கும் அன்னைக்கு யாரும் குடுக்கலதான? அவ அழுதுகிட்டே தின்னாளாம். பெறகு எல்லாரும் சேந்து ஒரு குலவை! கும்மியடிச்சு, பிறந்த பிள்ளையைப் பாடிப் பாடி, அப்படி ஒரு கிறிஸ்துமஸை இந்த ஊரு அதுக்கு முன்ன கண்டதே இல்லையாம். மூப்பரா? இடுப்புச் சாவியைத் தடவிக்கிட்டு ஓரமா நின்னாராம். மீசைக்கு எண்ணெய் தடவின வீரம் அவ்வளவுதான்.

அன்னையில இருந்து இந்தக் கோயில்ல கிறிஸ்துமஸுக்கு மருந்துதான். "பாலகன் பிறந்தார்"னு வாசிச்சதும் குலவை போட்டாத்தான் அடுத்த வரியை வாசிக்கணும். அந்த வருஷம் பெத்தவளுக்கு முதல் உருண்டை. பிள்ளையைப் பறிகுடுத்தவ இருந்தா, அவளுக்கு அதுக்கும் முன்ன. அந்த வாசப்படிக்குப் பேரு மருந்துப்படி, நீங்க ஏறி வந்தீங்களே, அதுதான். ஞானப்பூவும் அவ பிள்ளை பக்கத்துலதான் கிடக்கா, போயிப் பாருங்க.

சட்டி தேய்க்கது யாருன்னா, அதுக்கும் ரூத்தாள் அன்னைக்கே சொல்லிட்டாளாம். "நக்குன வம்சம் தேய்க்கட்டும்." ஆமா, மாசிலாமணி மூப்பர் எங்க பாட்டனாரோட அப்பன்தான். நாலு தலைமுறையாத் தேய்க்கோம். அடியில ஒட்டினதை வழிச்சுத் திங்கவும் கூடாது, அப்படியே தண்ணியை ஊத்திரணும். அந்தா தூணு பக்கத்துல நிக்கா பாருங்க, அது என் பொண்டாட்டி. நான் தேச்சு முடிக்குற வரைக்கும் என் விரலையேதான் பாத்துக்கிட்டு நிப்பா.