அம்மா வெளியே உட்காரணும்

சிதம்பரத்திலிருந்து கடலூர் வழியாகச் சென்னை போகும் காலைப் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் மகளும்.

"எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சும்மா. இனிமே பெரியவங்க வார்டு. டாக்டர்கிட்ட நான் மட்டும் போவணும், நீ வெளிய உக்காரு."

"என் கிட்னி உள்ள போவும், நான் வெளிய உக்காரணுமா?"

"ஒம்போது வயசுல எனக்குக் குடுத்துட்ட. இப்ப அது என்னுது."

"சரி, என்னா மாத்திரைன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

"வெள்ள ஒண்ணு, மஞ்ச ஒண்ணு."

"பேரு கேட்டா கலரு சொல்றியே. கிழிஞ்சுது போ."

புதுச்சத்திரம் தாண்டியதும் மகளின் செல்போனில் எட்டு மணி அலாரம் அடித்தது. அம்மாவின் கை பழக்கத்தில் மாத்திரைப் பைக்குள் போனது. அதற்குள் மகள் தன் பையிலிருந்து எடுத்து வாயில் போட்டிருந்தாள்.

அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"நெறையா குடி. எங்கிட்ட இருந்தப்ப அதுக்கு நெறையா தண்ணி குடிச்சுப் பழக்கம்."