துரைராஜின் அட்டையில் இருந்த 455

என் பெயர் சக்ரபாணி. தகப்பனார் பெயர் நாராயணஸ்வாமி. வயது நாற்பத்தெட்டு. செகந்திராபாத், பழைய போவன்பள்ளி கம்பெனிக் காலனியில் வாடகை வீட்டில் குடியிருந்து, தக்காண பம்பு வால்வுத் தொழிற்சாலை என்னும் அரசு நிறுவனத்தின் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க்காக வேலை பார்த்து வருகிறேன். தெலுங்கில் பேசுவேன், திட்டும் வாங்குவேன், எழுத வராது. ஆகையால் 1984 ஜூலை மாதத்து இந்த வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு தமிழில் சொல்ல, லாலாகூடா ரயில்வே காலனியைச் சேர்ந்த தமிழரான கான்ஸ்டபிள் ஜேம்ஸ் எழுதுகிறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி எனக்கு இதற்குள் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. முயற்சி செய்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையின் லேத் ஆபரேட்டர் துரைராஜ் என்பவரின் மனைவி தாயம்மாள், நேற்று ஆஸ்பத்திரிக் கூட்ட அறைக்குள் புகுந்து, மருத்துவக் கண்காணிப்பாளர் டாக்டர் ஜோகாராவின் முகத்தில் அசுத்தத்தை வீசி அவர் காலுக்குக் காயம் உண்டாக்கினார் என்பது புகார். அந்தச் சமயம் நானும் அறையில் இருந்தேன். கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும் பக்கோடா தீர்ந்தால் சொல்லி அனுப்புவதும் என் வேலை.

என் உத்தியோகம் என்னவென்று கேட்டதால் சொல்கிறேன். ஜெனீவாவிலிருந்து வந்த தடிப் புத்தகம் ஒன்றில் உலகத்து வியாதிகளுக்கெல்லாம் எண் இருக்கிறது. டாக்டர் வியாதியை எழுதுவார், நான் எண்ணைப் போடுவேன். நோயாளி கையில் கொண்டுபோகும் அட்டையில் எண் மட்டும்தான் இருக்கும். படித்துவிட்டுப் பயப்படக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் எங்கள் காலனி வேறு பொழுதுபோக்கு இல்லாத காலனி. கொஞ்ச நாளில் எண்களெல்லாம் மனப்பாடம். கேன்டீனில், "பாய், மிர்ச்சி நக்கோ, 455 ஹை" என்று ஒருவன் மிளகாய் வேண்டாமென்றால் அவனுக்கு மூலம் என்று சமையல்காரருக்கே தெரியும். குமட்டலுக்கு 787. என் மனைவி வைத்த சாம்பாரை நான் ஒருநாள் 787 என்று வர்ணித்துவிட்டு ஒரு வாரம் கேன்டீனில் சாப்பிட்டேன். இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று ஜேம்ஸ் சொல்கிறார். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

அதன் பிறகு பெயிண்ட் ஷாப்பில் ஒருவருக்கு 154 என்று அட்டையில் ஏறியது. 154 என்பது மலக்குடல் புற்றுநோய். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்து, அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க ஆள் வரவில்லை, பெண்ணுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது. அதற்கப்புறம் டாக்டர் ஜோகாராவ் வாய்மொழியாக ஓர் ஏற்பாடு செய்தார். அந்த இடத்துப் புற்றுநோய் யாருக்கு வந்தாலும் வெளி அட்டையில் 455 என்று தன் கையாலேயே எழுதுவார். உண்மையான எண் ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் கேஸ் ஷீட்டில் மட்டும் இருக்கும்.

இப்படி இருக்கையில் துரைராஜுக்கு ரத்தப்போக்கு வந்து, சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவும் வந்தது. வேலை நேரத்தில் விசில் அடிக்கிறார் என்று ஒருமுறை மெமோ வாங்கிய மனிதர். அட்டையில் 455 ஏறியது. ஆபரேஷனுக்கு மெட்ராஸ் அனுப்ப வேண்டும். கம்பெனி செலவில் அனுப்புவதற்கு மேல் சிகிச்சைக் குழு என்று ஒன்று கூடி ஒப்புதல் தர வேண்டும். குழுவில் டாக்டர் ஜோகாராவ், பர்சனல் ஆபீசர் ரகுநாதன், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், யூனியனிலிருந்து ஒருவர். டாக்டர் அல்லாதவர் கண்ணில் கேஸ் ஷீட் படக்கூடாது என்பது விதி. ஆகவே குழு பார்ப்பது வெளி அட்டையை மட்டும்தான்.

முதல் கூட்டத்தில் ரகுநாதன் அட்டையைப் பார்த்துவிட்டு, "455-க்கு எதுக்குய்யா மெட்ராஸ்? டப்புல வெந்நீர் ஊத்தி உட்காரச் சொல்லு. கம்பெனி டப்பே இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அவருக்குத் தெரியும். அட்டையில் இருப்பது தன் கையெழுத்து, வாயைத் திறந்தால் பொய்யாக எழுதியதாக ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். நினைப்பதைச் சொல்லக்கூடாது என்றால் அடித்துவிடவும். பக்கோடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார் என்பது நான் கண்ணால் கண்டது.

அதன் பிறகு அடுத்த மாதக் கூட்டத்திலும் அதே அட்டை, அதே டப்பு, அதே சிரிப்பு. காலனியில் மட்டமான ஹாஸ்யத்துக்கு என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள், நான் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை உள்ளவன் அல்ல. ஆனாலும் அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் டாக்டரிடம் வராந்தாவில், ஐயா, இன்னும் பரவவில்லை, சீக்கிரம் வெட்டி எடுத்தால் பிழைப்பார் என்றுதானே கேஸ் ஷீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். கோப்பு தூக்குகிறவன் கோப்பை மட்டும் தூக்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார்.

நேற்று மூன்றாவது கூட்டம். அதற்கு முன் தாயம்மாள் என் ஜன்னலுக்கு வந்து, கமிட்டி எந்த அறையில் என்று கேட்டார். மாடியில் இடது பக்கம், பக்கோடா வாசனை வரும் அறை என்று சொன்னேன். கையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய மூட்டை இருந்தது. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை.

துரைராஜின் அட்டை மேஜைக்கு வந்து, ரகுநாதன் டப்பு என்று ஆரம்பிக்கும்போது கதவு திறந்தது. தாயம்மாள் உள்ளே வந்து மூட்டையை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்றுதான் சொல்கிறேன், வீசவில்லை. கடைக்காரரிடம் சொத்தைக் கத்திரிக்காயைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் மாதிரி நிதானமாக முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கிழிந்த வேட்டித் துண்டுகள். எல்லாம் ரத்தம், சில இடங்களில் கறுத்துக் கட்டிதட்டி. வாசனையைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாயம்மாள், "இது மூலமா சார்? பாத்துச் சொல்லுங்க" என்றார்.

யாரும் பார்க்கவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் ஜன்னலுக்கு ஓடினார். யூனியன்காரர் ஃபினைல், ஃபினைல் என்றார். ரகுநாதன் ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் பக்கோடாத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டாக்டர் ஜோகாராவ் எழுந்து பின்னால் தாவியதில் அவர் கால் அவர் நாற்காலியிலேயே மாட்டிச் சுளுக்கியது. அவருக்கும் தாயம்மாளுக்கும் நடுவே முழு மேஜை இருந்தது. சுளுக்குக்கு எண் 845. அதற்கு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க அந்த இடத்திலேயே நாலு பேர் கையெழுத்துப் போட்டு, கம்பெனி கார் வந்தது. துரைராஜின் அட்டை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது.

அந்த மூட்டை இப்போது இந்த ஸ்டேஷனில் மூலையில் இருக்கிறது. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் அசுத்தம் என்று எழுதியிருக்கிறார்கள். அது ரத்தம். திருத்தி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சாதாரண மூலத்துக்காக ஒரு பெண் இப்படிச் செய்வாளா, இது திட்டமிட்ட அவமதிப்புதானே, துரைராஜுக்கு உண்மையில் என்ன வியாதி என்று இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நோயாளியின் வியாதியை வெளியே சொல்லும் கிளார்க்குக்கு வேலை கிடையாது என்று இன்று காலை டாக்டர் என் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார். தவிர, தாயம்மாள் இதே அறையில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. ஆகவே இந்த இடத்தை ஜேம்ஸின் காதில் சொன்னேன். துரைராஜுக்கு மலக்குடலில் புற்றுநோய். எண் 154.1. வெளி அட்டையில் உள்ள 455 பொய், அதை எழுதியது டாக்டர் ஜோகாராவின் கை. கேஸ் ஷீட்டைப் போலீஸ் வரவழைத்துப் பார்க்கலாம். நாளைக்கே பார்த்தால் நல்லது.

அதன் பிறகு, சொன்னதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியது முறை என்று ஜேம்ஸ் முதலிலிருந்து படித்தார். மேற்படி இடம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு முணுமுணுத்தார். அப்போது பெஞ்சிலிருந்து தாயம்மாள் பேசினார். அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

"அங்க மட்டும் ஏண்ணே முழுங்குறீங்க? சத்தமாப் படிங்க. தெனம் அவர் துணிய நாந்தான் தொவைக்கிறேன், எனக்குத் தெரியாதா? வாயால சொல்ல ஒரு ஆம்பள இல்லாமத்தான் மூட்டையத் தூக்கிட்டுப் போனேன்."

ஜேம்ஸ் அந்த இடத்தை மறுபடி, வாசலில் நின்ற சென்ட்ரிக்கும் கேட்கும்படி படித்தார். அடுத்த அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, ஜேம்ஸ் தெலுங்கில் சொன்னதைக் கேட்டு, கேஸ் ஷீட்டை வாங்கிவர ஜீப்பை எடுக்கச் சொன்னார். இந்த வாக்குமூலத்தின் நகலைக் குழுவுக்கு அனுப்பாமல் நேரே ஜெனரல் மானேஜருக்கு அனுப்பும்படி வேண்டினேன்.

மேலே கண்டவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். முழுவதும் உரக்கப் படிக்கப்பட்டது. கேட்க வேண்டியவர் கேட்டார். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
சக்ரபாணி