முதுகில் மேயும் மந்தை

பல்லராட்டில் வருடத்தில் பாதி நாள் வெயில் எட்டிப் பார்க்காது. அதனாலேயே எனக்கு அந்த ஊர் பிடிக்கும். நான் பழைய பணத்தாள்கள் சேர்க்கிறவன். அவற்றுக்கு வெயில் ஆகாது. என்னிடம் உள்ள எந்தத் தாளிலும் ஒரு மடிப்புகூடக் கிடையாது.

ட்ரென்ட் என் மனைவி கிளெனிஸின் தம்பி. கூரைக்கு ஓடு போடுகிறவன். பச்சை குத்திக்கொள்ள நல்ல படம் சொல்லுங்கள் என்று அவன்தான் என்னிடம் வந்தான். நான் அவனைத் தேடிப் போகவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் மனதில் இருந்தது ஒரு சுறாமீன். நான் என் தாள்களை எடுத்துக் காட்டினேன். ராணியின் முகம், கோதுமைக் கதிர், நங்கூரம் என்று பார்த்துக்கொண்டே போனவன், ஒரு செம்மறி மந்தையைக் கண்டதும் நின்றுவிட்டான். தகட்டில் மயிரிழை மயிரிழையாகக் கீறி அச்சிட்ட மந்தை. ஒவ்வொரு ஆட்டின் கம்பளியிலும் சுருள் தெரியும்.

"முதுகு பூரா இதுதான் மச்சான். ஓரத்துல கொடி கொடியா ஓடுதே, அதுவும் வேணும்," என்றான்.

பச்சை குத்தும் ஷோனா, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "குத்திரலாம். ஆனா இவ்ளோ மெல்லிசுக் கோடு வெயில் பட்டா கலங்கிரும். உடம்பு போட்டுச்சுன்னா ஆடெல்லாம் மாடாயிரும், சொல்லிட்டேன்."

"மாடானா பால் கறந்துக்கறேன்," என்று ட்ரென்ட் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குத்தி முடித்தபோது, என்னிடம் இருந்த தாளைவிடத் தெளிவாக வந்திருந்தது. புண் ஆறியதும் அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கள் தெருவிலேயே ஒரு கூரைமேல் ஏறி நின்றான். அவன் நிமிரும்போதெல்லாம் மந்தையின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்தது.

முழுக்கைச் சட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். பீரைக் குறைக்கச் சொன்னேன். "எங்கம்மாகூட என்னை இப்படிப் பாத்துக்கிட்டதில்ல மச்சான்," என்றான். பிறகு கெயின்ஸுக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னான். அங்கே வருடம் முழுக்க வெயில். படகு ஓட்டப் போகிறானாம், சட்டையில்லாமல்.

ஏணியின் திருகைத் தளர்த்தியது நான்தான். முதுகு உராய்ந்துவிடக் கூடாதே என்று கீழே வைக்கோல் பரப்பியிருந்தேன். இடது கால் மட்டும்தான் உடைந்தது.

மருத்துவமனையில் அவனை மல்லாக்கப் போட்டிருந்தார்கள். முதுகு முழுக்க விரிப்பின் சுருக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டேன். தாள்களைக் குளிரூட்டி வைத்திருக்கும் கொட்டகையில், அதே குளிரில், குப்புறப் படுக்கவைத்தேன். புரளாமல் இருக்கப் பட்டைகள் கட்டினேன்; அகலமானவை, மென்மையானவை. கெயின்ஸிலிருந்து நண்பன் வந்து கூட்டிப் போய்விட்டான் என்று கிளெனிஸிடம் சொன்னேன்.

"ஒரு போன் பண்ணத் தோணுதா பாரு, திமிர் புடிச்சவன்," என்று சாப்பாட்டு மேசையில் அவள் குறைபடுவாள். நான் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே ஆமாம் என்பேன். ட்ரென்ட்டுக்கு வேகவைத்த காய் மட்டும் கொண்டுபோவேன். அவன் எடை ஏறக் கூடாது.

காய்ச்சல் வந்தது. கால் கறுத்தது. "டாக்டரக் கூப்பிடுங்க மச்சான்," என்றான். டாக்டர் வந்தால் திருப்பிப் போடுவார். இன்னொரு நாள், "சுறாவே குத்தியிருக்கலாம்," என்று அழுதான். அதைக் கேட்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் விளக்குகளைத் தேடி வந்த கிளெனிஸ்தான் கொட்டகைப் பூட்டை உடைத்தாள். உங்கள் போலீஸ் ஆட்கள் வந்து, அவனை முரட்டுக் கம்பளியில் சுற்றித் தூக்கிப்போனார்கள். கையுறை போட்டுத் தொடுங்கள் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் அவன் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறான். கெயின்ஸ் கடற்கரை. உச்சி வெயிலில், சட்டையில்லாமல், மணலில் குப்புறக் கிடக்கிறான். தோல் உரிந்து மந்தையே கலங்கிப் போயிருக்கிறது. அவன்மேல் நான் எழுதிக் கொடுத்த புகாரை நீங்கள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. என் வக்கீலிடம் படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை என்று விரல் வைத்துக் காட்டினார். அந்தக் காலில் ஒரு கோடுகூடக் குத்தியிருக்கவில்லை என்று அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது.