வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்

நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்கக் கூடாது என்பதைத்தான். அலுவலகத்தில் நகலெடுக்கிற ஆள் அந்தப் பின்னைப் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது நகம் பெயரும். நகம் பெயர்ந்த எரிச்சலில் நம் விண்ணப்பம் அடுக்கின் அடிக்குப் போய்விடும். ஒரு கிளிப் போதும். நீங்கள் கொண்டுவந்திருக்கும் விசாரணைக் கோப்பில் நான்கு இடங்களில் பின் அடித்திருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது, சொன்னேன்.

நடந்ததை என் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். உங்கள் அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்கத் தெரியும். அது எப்படிக் கேட்கப்படுகிறது என்று தெரியாது. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த வீட்டில் பார்வையில்லாதவர்கள் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். தங்கமான மனுஷர், ஆனால் யாரிடமும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகிவிட்டார். ஆகவே கேட்கிற வேலை பதினேழு வருடங்களாக என்னுடையது. சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஒரு மேஜை, ஒரு ஜன்னல், நான்கு செருப்புப் பெட்டிகள். பெட்டிக்குள் அட்டைகள். ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஓர் அட்டை.

நிதி எங்கே இருக்கிறது என்று எல்லாரும் முதல் பக்கத்தில் தேடுவார்கள். அது ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். யார் அறங்காவலர், அவர் வீட்டில் யார் எந்த நோயில் போனார்கள், அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஓர் அறக்கட்டளைக்குக் குழந்தைகள் பிடிக்கும், கிழவர்கள் ஆகாது. இன்னொன்றுக்குக் கிழவர்கள் பிடிக்கும், ஆனால் இருமக் கூடாது. பெண் பார்க்க வருகிறவர்களை விட இவர்களுக்கு எதிர்பார்ப்பு அதிகம். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்றும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். அதில் ஒரே வரிதான்: அழ வேண்டும்.

உங்கள் படிவத்தின் ஏழாவது கேள்வியைத்தான் சொல்கிறேன். 'பயனாளி ஒருவரின் கதையை முந்நூறு சொற்களுக்குள் எழுதவும். அதே பயனாளியின் நிலையை ஆண்டுதோறும் தெரிவிக்கவும்.' மற்றக் கேள்விகளுக்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். ஆட்டம் ஏழில்தான். நான் ஊசியை எழுதினேன்.

ஊசி என்பது வீட்டில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர். தையல்காரி. கண் போன பிறகும் நாக்கு நுனியில் வைத்து நூல் கோத்துவிடுவாள். பேச்சும் அப்படித்தான், சுருக்கென்று ஏறும். இங்கே வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. இரண்டு கண்ணிலும் புண் வந்து கருவிழி வெள்ளையாகிப் போயிருந்தது. அவள் பெண் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். குழந்தை ஊசியின் அம்மாவிடம் வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவார்கள். குழந்தை பேச ஆரம்பித்த பிறகு, மடியில் உட்கார்ந்து, "அம்மா, இருட்டிடுச்சு" என்று சொல்லும். அப்போதுதான் ஊசி, சரி, கிளம்புங்கள் என்பாள். சாயங்காலம் வந்ததை மகள் சொல்லித் தெரிந்துகொள்ளும் தாய். முந்நூறு சொல்லுக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் தலைவியம்மா அழுதார்கள் என்று நீங்களே தொலைபேசியில் சொன்னீர்கள். அவள் முகத்தை உங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டீர்கள். அவளிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "வழவழன்னு இருக்கேன்" என்று சிரித்தாள்.

ஒரு நாள் என் அறைக்கு வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஊருக்கெல்லாம் தேடித் தர்றீங்க. எனக்கும் ஒண்ணு தேடுங்களேன்."

கண் மருத்துவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். கருவிழியை மாற்றலாம், பார்வை வரும், ஆனால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டு வருடம் தாண்டினால் நரம்பு பட்டுப்போய்விடும், அப்புறம் எதை மாற்றியும் பயனில்லை. செலவு அவள் சக்திக்கு மீறியது.

தேடினேன். அரைகுறையாகத் தேடவில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது அறக்கட்டளைகளைச் சலித்தேன். கடைசியில் இன்னொரு நகரத்து மருத்துவமனையின் அறிக்கையில், வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தில், ஒரு சின்ன நிதி அகப்பட்டது. கடிகாரம் பழுதுபார்த்த ஒருவரின் மனைவி அவர் நினைவாக வைத்தது. வருடத்துக்கு ஒருவருக்கு மட்டும். கையால் நுணுக்க வேலை செய்கிறவர்களுக்கு முன்னுரிமை. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்த சந்தோஷம் தெரியும். அன்று எழுதிய விண்ணப்பத்தை விட நல்லதாக நான் ஒன்றும் எழுதியதில்லை.

கிடைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. அறுவை சிகிச்சை, தங்குமிடம், துணைக்கு வருகிறவருக்குச் சாப்பாடு, எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இந்த வீட்டில் கடிதங்களைப் படித்துக் காட்டுவதும் என் வேலைதான். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். உறையைப் பிரித்த சத்தம் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை பிரித்தேன். பிறகு படித்தேன்.

என்னிடம் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. பதினேழு வருடத்தில் வந்த மறுப்புக் கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. முகத்தில் அடித்த மாதிரி ஒரு வரியில் மறுக்கிறவர்கள் உண்டு. புகழ்ந்துகொண்டே போய், கிடைத்ததா இல்லையா என்பதைக் கடைசி வரை சொல்லாதவர்கள் உண்டு. அந்தக் கோப்பில் மிக அழகான கடிதம் ஒரு நூலக அறக்கட்டளை எழுதியது. படித்து முடித்தால் நன்றி சொல்லத் தோன்றும். அது எனக்கு மனப்பாடம். ஊசிக்கு அதைத்தான் சொன்னேன். 'தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த மதிப்புடன் வாசித்தோம். உதவ மனம் இருந்தும் இந்த ஆண்டு இடம் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். தங்கள் மன உறுதி எங்களை நெகிழவைத்தது.' நூலகம் என்று வந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எழுதினவங்க நல்லவங்க போலக்கா" என்றாள். "அந்த லெட்டரை என்கிட்டயே குடுங்க. என் பேருக்கு வந்ததுதானே."

கொடுத்தேன். அதில் எனக்கு ஒன்றும் ஆபத்து தெரியவில்லை. மடித்துத் தன் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஏழாவது கேள்விதான். அவளுக்குக் கண் தெரிந்தால் அவள் இந்த வீட்டுப் பயனாளி இல்லை. குணமானவள் கதையும் நல்ல கதைதானே என்பீர்கள். நல்ல கதைதான், ஆனால் அது மருத்துவமனையின் கதை. அவர்கள் அறிக்கையின் அட்டைக்குப் போகும். இங்கே மிச்சமிருக்கிற நாற்பது பேரில் யாரைப் பற்றி எழுதினாலும் உங்கள் தலைவியம்மா அழமாட்டார்கள். நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். மாடி அறைத் தாத்தா கதை நூறு சொல்லைத் தாண்டவில்லை. ஒருத்தி காத்திருந்தால் நாற்பது பேருக்குச் சோறு. இதை யாரிடம் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தேதி குறித்துவிட்டோம், ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தார்கள். பொறுப்பானவர்கள். அப்படிப்பட்டவர்களைக் காக்கவைப்பது மரியாதை இல்லை. 'சொந்தக் காரணங்களால் எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம். வேறு யாருக்காவது கொடுங்கள்' என்று தட்டச்சு செய்தேன். அடுத்த வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கிறோம் என்று ஊசியிடம் சொன்னேன். அவள் விரலைப் பிடித்துத் தாளில் இடம் காட்டினேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து நேராக, தையல் போட்ட மாதிரி இருக்கும். பிறகு, "இந்தத் தடவை கிடைச்சிடும்லக்கா?" என்று கேட்டாள். நம்பிக்கையாக இரு என்றேன்.

அந்த இடம் வேறு ஒருவருக்குப் போயிருக்கும். அவருக்குப் பார்வை வந்திருக்கும். அதையும் என் கணக்கில் நீங்கள் சேர்க்கலாம்.

மாட்டிக்கொண்டது என் சொந்தத் திறமையால்தான். போன வருடம் ஒரு நிறுவனத்திடம் கேட்டு, படிக்கும் போன்கள் பன்னிரண்டு வாங்கிக் கொடுத்தேன். தாளுக்கு மேலே பிடித்தால் எழுத்தைப் பார்த்துச் சத்தமாகப் படிக்கும். வந்த அன்று வீடு திருவிழாக் கூட்டம் மாதிரி இருந்தது. மருந்துப் பாட்டில், சோப்பு உறை, மின்சார ரசீது என்று ஒன்றை விடவில்லை. மாடி அறைத் தாத்தா தன் சட்டைக் காலர் பட்டையைப் படிக்கச் சொல்லி, "வெந்நீரில் துவைக்காதீர்" என்று கேட்டதும், ஒன்பது வருஷமா வெந்நீர்லதானே துவைக்கிறீங்க என்று சமையல்காரரோடு சண்டைக்குப் போனார். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தபோது ஊசி தன் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். இரண்டு வருடம் மடிப்பில் இருந்து நைந்துபோன தாள். மனுஷங்க எவ்வளவு அழகா இல்லைன்னு சொல்லியிருக்காங்க கேளுங்க என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். போன் படித்தது. அதன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று சொன்னது. மூன்று தடவை படிக்கவைத்தாள். பிறகு நான் நிற்கும் பக்கமாகச் சரியாகத் திரும்பினாள்.

"அக்கா, அன்னிக்கு நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்ல. அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

தலையைத் தடவிக்கொடுத்தேன் என்றேன். அதுதானே உண்மை.

மறுநாளே தலைவர் அவளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். நான்கு மாதம் பிந்திவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். நான்கு மாதம் எங்கள் தொழிலில் ஒன்றுமே இல்லை. ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வரவே ஆறு மாதம் ஆகும். குழந்தைக்கு இப்போது ஆறு வயது. முகம் யார் ஜாடை என்று என்னிடம்தான் கேட்பாள். மூக்கு உன்னுடையது என்று சொல்வேன். இப்போது யாரிடம் கேட்கிறாளோ தெரியவில்லை.

நீங்கள் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிற அந்தத் தாள் எது என்று இங்கிருந்தே தெரிகிறது. உங்கள் கடிதத்தின் நகல். அடுத்த ஐந்து வருடத்துக்கு எங்களுக்கு நிதி உறுதி, ஏழாவது கேள்வியை நீக்கிவிட்டோம், இனிக் கதை அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்போது வந்தது என்று கேட்கத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊசிக்கு வந்த அதே செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்தது. உங்களுடையதைத்தான் முதலில் பிரித்தேன். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாக இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். நாற்பது பேர் சோற்றுக்கு ஒன்றும் குறைவில்லை என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். ஒரே காலையில் இரண்டு கடிதம், இனி உன் கதை வேண்டாம், இனி அவளுக்கு நீ வேண்டாம் என்று வந்தால் யாருக்குத்தான் மனசு தாங்கும், சொல்லுங்கள். அதன் பிறகும் இரண்டு வருடம் அவள் கதையை நீங்கள் கேட்காமலே அனுப்பினேன். நீங்கள் படித்தீர்களா என்று தெரியாது.

எழுதிக்கொண்டீர்களா? சரி. ஒரே ஒரு உதவி கேட்கிறேன். கேட்பது எனக்குப் பழக்கம்தான். ஊசிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். முந்நூறு சொல்லுக்குள் அடங்கிவிட்டது, நன்றாகவும் வந்திருக்கிறது. அதை அந்தப் போனிடம் கொடுத்துவிடாதீர்கள், உப்புச் சப்பில்லாமல் படித்துவிடும். அவளை வரச் சொல்லுங்கள், நானே படித்துக் காட்டுகிறேன்.