கந்தப்போடிகளுக்கு ஓர் இடம்

எனக்கு நெரிசல் பிடிக்காது, சேர். பஸ்ஸில் இருக்க இடமில்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். நடந்ததற்கெல்லாம் காரணம் இந்தச் சுத்தமான சுபாவம்தான்.

பனிச்சங்கேணிச் சனம் போரின் செல்லடிக்குப் பயந்து மட்டக்களப்பு முகாம்களில் வந்து குவிந்த வருடம் அது. அரிசி அட்டை அச்சிட நிவாரண அலுவலகம் என்னைப் பிடித்தது. பி.எச்.பி. என்ற கணினி மொழியில் நிரல் எழுதினேன். எல்லாப் பெயரையும் அணி என்கிற ஒரே பட்டியலில் ஏற்றி ஒரே மூச்சில் அச்சிடுவேன் என்று, அதுவரை தட்டச்சில் அட்டை அடித்துவந்த கிளாடிஸ் அக்காவிடம் சொல்லியும்விட்டேன்.

ஓடவிட்டேன். நினைவகம் போதாதென்று நின்றுவிட்டது.

பி.எச்.பி. அணி சொகுசுப் பேர்வழி. ஒரு பெயர் உட்காரப் பெயருக்கு ஒரு பாய், அதைத் தேடி எடுக்கும் சாவிக்கு ஒரு பாய், பக்கத்துப் பெயரைக் காட்ட இன்னொரு பாய். முகாமில் குடும்பத்துக்கே ஒரு பாய்தான்.

“ஒவ்வொருத்தரா எடுத்து அடிச்சிட்டு விடன் தம்பி,” என்றார் கிளாடிஸ் அக்கா.

சரியான வழி அதுதான். ஒரு பெயரை வாசி, அச்சிடு, மற. நினைவகம் வீங்காது. ஆனால் தட்டச்சும் அதைத்தானே செய்கிறது? பிறகு நான் எதற்கு?

ஆகவே ஊர்ப் பெயரைக் கழற்றினேன். தகப்பன் பெயரைக் கழற்றினேன். மிஞ்சிய பெயரையே சாவியாக்கினேன். ஒரு சாவிக்கு ஒரு ஆள்தான். அதே பெயரில் இன்னொருவர் வந்தால் முந்தியவர் சத்தமில்லாமல் எழும்பிப் போய்விடுவார். பிழைச் செய்திகூட வராது. அவ்வளவு மரியாதை.

பறந்தது, சேர். சுழல் கதிரையில் நான் சுற்றிய சுற்றில் கிளாடிஸ் அக்காவுக்குத் தலை சுற்றியது.

பனிச்சங்கேணியில் ஒரு குடும்பத்து அண்ணன் தம்பிமார் எல்லாரும் மூத்த மகனுக்குத் தங்கள் தகப்பனின் பெயரையே வைத்திருந்தார்கள்: கந்தப்போடி. அத்தனை கந்தப்போடிகளும் வரிசையில் நிற்க, கடைசியாகப் பதிந்தவருக்கு மட்டும் அட்டை வந்தது. மற்றவர்களில் ஒருவர், வலை வீசுகிறவர், மனைவி சீதேவிப்பிள்ளையோடு மேசைக்கு வந்தார்.

“மனே, நான் கந்தப்போடிதானே?”

“ஓம். ஆனா மெஷினுக்குள்ள ஒரு கந்தப்போடி இரிக்கார்.”

“அப்ப நான் ஆரு?”

“முந்தின கந்தப்போடி.”

“மெஷினுக்கு ஒரு கந்தப்போடி எண்டாலும் வயிறு வேற வேறதானே மனே,” என்றாள் சீதேவிப்பிள்ளை. வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல பகிடி.

தகப்பன் பெயரைத் திரும்பச் சேர்க்க ஒரு வரி போதும். சேர்த்தால் நினைவகம் நிறையும், கிளாடிஸ் அக்கா மறுபடியும் தட்டச்சின் தூசு தட்டுவார். சேர்க்கவில்லை.

அரிசி இல்லாத கந்தப்போடி, போகக்கூடாதென்று ஆமி சொன்ன பக்கத்து வாவிக்கு வலையோடு போனார். துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்தார்.

“செத்தவர்ட பேரு கிடக்கப்படா. வெட்டிவிடு மனே,” என்று சீதேவிப்பிள்ளை வந்து நின்றாள். மறுக்க மனம் வரவில்லை. ‘கந்தப்போடி’யை அழித்தேன். அரிசி வாங்கிக்கொண்டிருந்த அந்த ஒரே கந்தப்போடியும் அடுத்த கிழமை வெறும் பையோடு நின்றார்.

செய்தது நான்தான், சேர். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் இப்போது நினைவகத்தில் தாராளமாக இடம் கிடக்கிறது. கந்தப்போடி என்று யாரும் வந்தால் என்னிடம் அனுப்புங்கள். ஒருவரை வசதியாக இருத்தலாம்.